கிடங்குக்கு வயர்லெஸ் பார்கோடு ஸ்கேனர் வாங்கும் முன்

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் ரேக்கில் இருப்பதிலேயே மோசமான லேபிளை, அதாவது ஓரம் கிழிந்து, மை மங்கி, மேலே சுற்றிய பிளாஸ்டிக் பளபளக்கிற ஒன்றை, கையோடு எடுத்துப் போய் டெமோவில் படிக்க வையுங்கள். திணறினால் அந்த மாடல் வேண்டாம். கீழே விழாத ஸ்கேனர் கிடையாது, கான்கிரீட்டில் 6 அடி உயரத்திலிருந்து விழுந்தாலாவது தாங்க வேண்டும். தூசி, தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி குறியீட்டையும் பாருங்கள்; ஐபி65 என்றால் தூசி உள்ளே போகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் சமாளிக்கும். புளூடூத்தில் சிக்னல் வலிமையைப் பொறுத்து கிளாஸ் என்று வகைகள் உண்டு: கிளாஸ் 2 சுமார் 10 மீட்டர்தான் எட்டும்; கிளாஸ் 1 திறந்த வெளியில் 100 மீட்டர் வரை எட்டும், ஆனால் இரும்பு ரேக்குகளுக்கு நடுவே நன்றாகவே குறைந்துவிடும், அதனால் சிக்னல் போனாலும் ஸ்கேன்களைச் சேமித்து வைத்து, திரும்ப வந்ததும் அனுப்புகிறதா என்று கேளுங்கள். பேட்டரி? கழற்றி மாற்றுகிற மாதிரி இருந்தால் நல்லது, ஷிப்ட் நடுவில் சார்ஜருக்குக் காத்திருக்க வேண்டாம்.