கடையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால்: புதிதாகக் கடை திறப்பவர்களுக்கு

மட்டக்களப்பில் கார்த்திகை, மார்கழி வந்தால் கடை வாசல் காய்வதே இல்லை. குடையிலிருந்து சொட்டும் தண்ணீர், செருப்புச் சேறு, கீழே பளபளக்கும் டைல்ஸ். வயதான ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிய இது போதும்.

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருவர் விழுந்துவிட்டார் என்பதற்காக மட்டும் நீங்கள் நட்டஈடு கொடுக்க வேண்டி வராது. இலங்கையில் இதற்கு ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை; உங்கள் கவனயீனத்தை வழக்குப் போடுபவர்தான் நிரூபிக்க வேண்டும். இப்படி நடக்கலாம் என்று கவனமான கடைக்காரர் முன்கூட்டியே நினைத்திருப்பாரா, தடுக்க ஏதாவது செய்திருப்பாரா என்று நீதிமன்றத்தில் பார்ப்பார்கள். மாரியில் வாசல் வழுக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் "எனக்குத் தெரியாதே" என்பது எடுபடுவது கஷ்டம். வேலைக்கு நிற்கும் தம்பி எண்ணெயைச் சிந்திவிட்டு அப்படியே விட்டாலும் பொறுப்பு முதலாளிக்கும் வரும்.

படி 1: கடை திறக்குமுன் வாடிக்கையாளர் வரும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள். வடிகானுக்கு மேல் சிலாப் போட்ட வாசல் என்றால், சிலாப் ஆடுகிறதா என்று மிதித்துப் பாருங்கள். உயரம் ஒத்துவராத படி, நடைவழியில் கிடக்கும் அரிசி மூட்டை, கரண்ட் போனால் இருட்டாகும் மூலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாடகைக் கடையா? திருத்த வேலை யாருடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள்.

படி 2: சரிசெய்யுங்கள். வாசலில் நகராத ரப்பர் விரிப்பு, குடை வைக்க ஒரு வாளி, படி விளிம்பில் மஞ்சள் பட்டி. "தரை ஈரம், கவனம்" என்ற பலகை நல்லதுதான், ஆனால் பலகையை வைத்துவிட்டுத் தண்ணீரைத் துடைக்காமல் விடாதீர்கள்.

படி 3: ஒரு கொப்பி போடுங்கள். எத்தனை மணிக்குத் துடைத்தது, யார் துடைத்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். வழக்கு என்று வந்தால் நீங்கள் கவனமாக இருந்ததைக் காட்ட வாய்ச்சொல்லை விட இந்தக் கொப்பி உதவும்.

படி 4: யாராவது விழுந்தால் முதலில் ஆளைப் பாருங்கள். எழும்ப முடியாதவரை இழுத்துத் தூக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்புறம் தரையைப் போட்டோ எடுங்கள், பார்த்தவர்களின் பெயரை எழுதுங்கள், கமராப் பதிவு அழியுமுன் பிரதி எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் நலம் விசாரியுங்கள், அது மனிதக் கடமை. தொகை எதுவும் பேசுமுன் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

படி 5: காப்புறுதி எடுக்கும்போது தீ, திருட்டோடு நிறுத்தாமல், பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் (கடைக்கு வருபவர் காயப்பட்டு நீங்கள் கொடுக்க வேண்டி வரும் நட்டஈட்டுக்கானது) இருக்கிறதா என்று கேளுங்கள். விழுந்தவர் பக்கமும் கவனயீனம் இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையலாம். இப்படியான வழக்கைப் பொதுவாகச் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை கொப்பியையும் போட்டோக்களையும் எறியாதீர்கள். வழக்கு வந்துவிட்டால் அது முடியும்வரை வைத்திருங்கள்.