முன்டயர் வாங்கும் முன் பழைய டயரைப் படியுங்கள்

2019 மே மாதம், லாரியில் ஆதிலாபாத்தைத் தாண்டி நாக்பூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பகல் இரண்டு மணி. இடது முன்டயர் வெடித்தது. ஸ்டீயரிங் இடப்பக்கம் பிடித்து இழுத்தது. பிரேக்கில் கால் வைக்காமல், இரண்டு கையாலும் வண்டியை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்கும்வரை ஓடவிட்டேன். முன்டயர் வெடித்தால் செய்ய வேண்டியது அதுதான். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி வெடித்த பக்கமாகப் பாயும்.

அந்த டயரை மாட்டி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பட்டன், அதாவது சாலையில் படும் மேல் ரப்பர், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நாமக்கல் திரும்பிய பிறகு பக்கச்சுவரைத் துடைத்துப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1114. 2014ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்த டயர். நல்ல தள்ளுபடி என்று நம்பி வாங்கினேன். யாருடைய கிடங்கிலோ நாலரை ஆண்டுக்கு மேல் கிடந்து காய்ந்த ரப்பரை எனக்கு விற்றிருக்கிறார்கள். போதாததற்கு, அன்று காலை கர்னூலில் நானே எல்லா டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டிருந்தேன். வெயில் காலம் என்றால் அப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் எனக்கு வண்டி பழக்கியவர் சொல்லிக்கொடுத்தார்.

அது தவறான பழக்கம். இன்றும் ஆந்திரா எல்லை தாண்டியதும் பல ஓட்டுநர்கள் அதைச் செய்வதைப் பார்க்கிறேன். ஓட்டத்தில் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. டயரை வடிவமைக்கும்போதே அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் செய்கிறார்கள். காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்புகிறது. சூட்டைத் தணிப்பதாக நினைத்துச் சூட்டை ஏற்றுகிறோம். காற்றை விடியற்காலையில், வண்டி நகரும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சூடான டயரிலிருந்து காற்றை எடுக்கவே கூடாது. தேவையான அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிலையில் ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருதி, கழற்றி உள்பக்கம் சோதிக்க வேண்டும்.

அதிலிருந்து, புது முன்டயர் வாங்கப் போகும் முன் கழற்றிய பழைய டயரைத் தரையில் படுக்கவைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது எப்படித் தேய்ந்தது என்பதே அடுத்த டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். கையை டயரின் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம் (டோ-இன்) தவறியிருக்கிறது. அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஆங்காங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், கிங் பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) இவற்றில் எதிலாவது ஆட்டம் இருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயரை மாட்டினாலும் அது பழைய டயர் போன வழியிலேயே போகும்.

முன்னால் இரண்டு ஸ்டீயரிங் அச்சு உள்ள 12 சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் அச்சும் இரண்டாவது அச்சும் ஒரே திசையைப் பார்க்காவிட்டால் டயர் நாள்தோறும் குறுக்காக உராய்ந்துகொண்டே போகும். பட்டறையில் முதல் அச்சை மட்டும் பார்த்து அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின் அச்சு கோணியிருந்தாலும் தண்டனை முன்டயருக்குத்தான், ஏனென்றால் வண்டியை நேராக வைக்க ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடித்திருப்பார்.

அடுத்தது எடை. பாரம் ஏற்றிய வண்டியின் முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் நிறுத்தி ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு டயரின் பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீட்டைப் பாருங்கள். 146 என்றால் ஒரு டயர் 3,000 கிலோ தாங்கும். 149 என்றால் 3,250. 152 என்றால் 3,550. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் சிறிய எண் பின்பக்கம் ஜோடியாக மாட்டுவதற்கானது, முன்னால் அது பொருந்தாது. 146 போட்ட இரண்டு டயர் 6,000 கிலோதான் தாங்கும். உங்கள் சீட்டு 6,400 காட்டினால் அந்த டயர் உங்கள் வண்டிக்கு உரியதல்ல. 2018இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகும் பழைய குறியீட்டு டயரையே மாட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சரக்கைக் கேபின் பக்கமாக நெருக்கி அடுக்கும் பழக்கமும் முன்டயரைத்தான் அடிக்கிறது.

நெடுஞ்சாலைக்கு உள்ளே கம்பி வைத்த ரேடியல் டயர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைலான் இழை வைத்த பழைய வகை டயர் கல்குவாரிப் பாதையில் வெட்டு தாங்கும், ஆனால் நீண்ட ஓட்டத்தில் அதிகம் சூடாகும். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் கூடவே கூடாது. முன்னால் மாட்டும் இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே வடிவமாக இருக்கட்டும். வடிவத்தில், பட்டன் சுற்றிலும் நேர் நேர் வரிகளாக ஓடும் நேர்வரி டயரையே எடுங்கள். ஓர வரி அகலமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், சுங்கச்சாவடியிலும் வளைவிலும் திரும்பும்போது அதுதான் உராய்கிறது. வரிகளுக்கு நடுவே உள்ள காடியின் (பள்ளத்தின்) அடியில் சிறு மேடுகள் இருந்தால் நல்லது, அவை கல் ஆழமாக இறங்கி உள்கம்பியைத் துளைக்காமல் காக்கும்.

கடைக்காரர் பட்டன் ஆழத்தைக் காட்டி விற்கப் பார்ப்பார். ஆழமான பட்டன் நெளியும், நெளிந்தால் சூடாகும். நேர்ச்சாலையில் முன்டயர் மெதுவாகத்தான் தேய்கிறது. பெரும்பாலும் ஆழம் தீரும் முன்பே கோணல் தேய்மானம்தான் அதைக் கழற்ற வைக்கிறது. அதனால் 1 மி.மீ. கூடுதல் ஆழத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன்.

விலையைக் கிலோமீட்டர் கணக்கில் பாருங்கள். 18,000 ரூபாய் டயர் 45,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 40 பைசா. 24,000 ரூபாய் டயர் 80,000 ஓடினால் 30 பைசா. இந்தக் கணக்குக்கு உங்கள் வண்டியின் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி, விற்பவரின் வாய் அல்ல. மாட்டிய தேதி, ஓடிய தூரம், டயரின் வரிசை எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

ரீட்ரெடிங் செய்த டயரை, அதாவது தேய்ந்த பிறகு மேலே புது ரப்பர் ஒட்டிய டயரை, நான் முன்னால் மாட்டுவதில்லை. பின்னால் ஜோடியில் ஒன்று போனால் மற்றொன்று தாங்கும், முன்னால் தாங்க வேறு டயர் கிடையாது. ஸ்டெப்னி ரீட்ரெடிங் செய்ததாக இருந்து, வழியில் அதை முன்னால் மாட்ட நேர்ந்தால் அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய் மாற்றிவிடுங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் நான்கு இலக்கத்தையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நீங்களே குனிந்து பாருங்கள். நான் ஓராண்டுக்கு மேற்பட்ட டயரை வாங்குவதில்லை. இரண்டு டயரிலும் வாரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். காடிக்குள் இருக்கும் தேய்மான அடையாள மேடு பட்டன் மட்டத்துக்கு வரும்வரை முன்னால் ஓட்டுவதும் இல்லை. பட்டன் 5 மி.மீ. ஆனதும் கழற்றிப் பின்பக்கம் மாற்றிவிடுகிறேன். பிறகு ரீட்ரெடிங்குக்குக் கொடுக்கும்போது கேசிங் (பட்டனுக்கு அடியில் உள்ள டயரின் உடல்) சேதமில்லாமல் இருக்கிறது.