வாங்கிய மின்னூல் கைவிட்டுப் போகாமலிருக்க

தமிழ் நூல் ஒன்று வேண்டுமென்றால் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்து ஏறிப் பழகிய நமக்கு மின்னூல் பெரும் வசதிதான். ஆனால் நாம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் நூல் அன்று, அதைப் படிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில், உரிமையில்லாதவர் விற்றார் என்ற காரணத்தால், ஆர்வெல்லின் ‘1984’ நூலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாசகர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் போய்விட்டன.

ஆகவே பணம் செலுத்துமுன் விவரப் பக்கத்தை முழுமையாகப் படியுங்கள். அதே நூலைப் பதிப்பாளர் பூட்டில்லாத (நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் கட்டு இல்லாத) இபப் அல்லது பிடிஎஃப் கோப்பாக நேரடியாக விற்றால், விலை சற்றுக் கூடினாலும் அங்கேயே வாங்குவது நல்லது. வாங்கிய அன்றே கோப்பை இறக்கி, கணினியில் ஒன்றும் விரலியில் ஒன்றுமாக வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைக்க வேண்டாம். கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியே மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26இல் நிறுத்தியபோது, அப்படி விட்டுவைத்தவர்களே வருந்தினார்கள்.

கூகுள் பிளே புக்ஸில் பல நூல்களைக் கணினி வழியே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். வருவது ஏசிஎஸ்எம் கோப்பு எனில், அது நூலைப் பெறுவதற்கான சீட்டு மட்டுமே என்பதால் அதைச் சேமித்து வைத்துப் பயனில்லை. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் போன்ற செயலியில் திறந்தால்தான் நூல் இறங்கும். அடோபி செயலி முதன்முறை கேட்கும்போது அடோபி அடையாளக் கணக்கு இன்றித் தொடர்ந்தால், நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும். கணக்குடன் பதிந்தால் வேறு கணினிக்கும் கொண்டுசெல்லலாம்.

பூட்டிய நூலைப் பொறுத்தவரை உங்கள் கணக்கே உங்கள் அலமாரி. நம்மில் பலர் முன்கட்டணக் கைப்பேசி எண்ணில் கணக்கைத் திறந்துவிட்டு, பணம் நிரப்ப மறந்து அந்த எண்ணையே இழந்துவிடுகிறோம். பின்னர் நுழைவுக் குறியீடோ, நம்மிடம் இப்போது இல்லாத அந்த எண்ணுக்கே போகிறது. மின்னஞ்சலையும் மீட்புக் குறியீடுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடையாள அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.

பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன் 36ஏ பிரிவு அதைத் தடைசெய்கிறது. பழந்தமிழ் இலக்கியங்களுக்கோ இந்தத் தொல்லை எதுவுமே வேண்டியதில்லை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல் தொகுப்பு அவற்றைப் பூட்டின்றி இலவசமாகத் தருகிறது. வாங்கும் பட்டியலைத் தொடங்குமுன் அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள்.