எந்த வடிவத்தில் ஃபைல் வந்தாலும் கணக்கு தப்பாமல் படிப்பது எப்படி

பல வங்கிகளின் ஸ்டேட்மெண்ட் ஃபைல்களைப் படித்து ஒரே டேட்டாபேஸில் சேர்க்கும் புரோகிராமை முதல் தடவை எழுத எடுத்தபோது அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். வரியை எடு, காற்புள்ளியில் வெட்டு, உள்ளே போடு. முதல் ஃபைல் அப்படியே போய் உட்கார்ந்தது. ஐந்தாவது ஃபைல் வருவதற்குள் என் புரோகிராமில் எங்கு பார்த்தாலும் ‘இந்த வங்கி என்றால் இப்படி’ என்று ஒரு நிபந்தனை தொங்கிக்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு மார்ச் மாதம் கணக்கு பார்ப்பவர் கூப்பிட்டு, “ஏங்க, இன்னும் வராத மாதத்துக்கெல்லாம் செலவு எழுதியிருக்கீங்களே?” என்றார்.

ஃபைலில் இருந்தது 04/03, அதாவது மார்ச் 4. நான் நம்பியிருந்த லைப்ரரி மாதத்தை முதலில் வைத்துப் படித்து, அதை ஏப்ரல் 3 ஆக்கிவிட்டது. சரி, 25/03 என்ன ஆனது? 25-ஆவது மாதம் கிடையாதே என்று லைப்ரரி தானாகவே வரிசையை மாற்றி, அதைச் சரியாகப் படித்திருந்தது. ஆக, ஒவ்வொரு மாதமும் 13-ஆம் தேதி முதல் எல்லாம் சரி, 12 வரை (நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் தேதியைத் தவிர) எல்லாம் தப்பு. எங்கேயும் ஒரு பிழைச் செய்தி இல்லை.

பிழை காட்டி நின்றுபோகும் ஃபைலுக்கு நான் பயப்படுவதில்லை. அதை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் தப்பாக உள்ளே போகும் ஃபைல்தான் ஆபத்து. கீழே சொல்லும் அமைப்பு முழுவதும் அந்த ஒரு பயத்தில் பிறந்தது.

ஃபைலை வெறும் கண்ணால் பாருங்கள்

எக்செலில் திறந்து பார்க்காதீர்கள். அது உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எடுத்துவிடும். எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் இருப்பதைப் பூஜ்யமாக்கிவிடும். தேதி மாதிரித் தெரிவதையெல்லாம் தேதியாக்கிவிடும். போதாக்குறைக்குச் சேமிக்கவும் செய்துவிட்டால், மூல ஃபைல் போயே போயிற்று. சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும். சந்தேகம் இருந்தால், ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர்.

ஒரு நாள் முழுக்க என்னைச் சுற்ற வைத்த விஷயம்: முதல் நெடுவரிசையின் தலைப்பு ‘தேதி’. நான் தேடுவதும் ‘தேதி’. கிடைக்கவில்லை என்கிறது புரோகிராம். ஃபைலின் தொடக்கத்தில், எழுத்துகள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்று காட்டும் பிஓஎம் என்ற மூன்று பைட் ஒட்டியிருந்தது. திரையில் தெரியாது, ஒப்பிடும்போது மட்டும் இடிக்கும். அதேபோல, பெயர் எக்ஸ்எல்எஸ் என்று முடியும், திறந்தால் உள்ளே ஹெச்டிஎம்எல் அட்டவணை இருக்கும். சில சமயம் டேப் வைத்துப் பிரித்த வெறும் எழுத்து இருக்கும். ஃபைல் பெயரின் வாலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வரப்போகும் ரகங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்விக்கு 2005-இல் ஆர்எஃப்சி 4180 என்று ஓர் ஆவணம் வந்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே சிஎஸ்வி புழக்கத்தில் இருந்ததால், ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுகிறார்கள். கணக்கு மென்பொருள்களுக்கு வங்கிகள் தரும் ஓஎஃப்எக்ஸ் வடிவம் 1997-இல் வந்தது. அதன் 1-ஆம் பதிப்பு வரிசை, எக்ஸ்எம்எல்லுக்கு முந்தைய குறிமொழியான எஸ்ஜிஎம்எல் வகை, பல இடங்களில் மூடும் குறியே இருக்காது. எக்ஸ்எம்எல் பார்சரை (ஃபைலைப் பிரித்துப் படிக்கும் புரோகிராம்) கொண்டு திறந்தால் முதல் வரியிலேயே மூச்சடைக்கும். 2.0 முதல்தான் ஒழுங்கான எக்ஸ்எம்எல். கியூஐஎஃப் பழைய எளிய வடிவம், ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அது தேதியா தொகையா என்று சொல்லும். ஆனால் பரிவர்த்தனைக்கு அடையாள எண் கிடையாது. வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் எம்டி940 ஸ்டேட்மெண்டில் 60 என்ற குறியில் ஆரம்ப இருப்பு, 61-இல் பரிவர்த்தனை, 86-இல் விவரம், 62-இல் இறுதி இருப்பு. தசமத்துக்குக் காற்புள்ளிதான். நிதிச் செய்திகளுக்கான ஐஎஸ்ஓ 20022 தரத்தில் வரும் காம்ட்.053 ஸ்டேட்மெண்டில் தொகைக்கு மைனஸ் குறியே வராது, வரவா பற்றா என்பது தனிப் புலத்தில் இருக்கும். அதைப் படிக்க மறந்தால் எல்லாச் செலவும் வருமானமாகிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்!

வேலையைத் துண்டு துண்டாக வையுங்கள்

வந்த ஃபைலை ஒரு பைட்கூட மாற்றாமல் முதலில் பத்திரப்படுத்துங்கள். கூடவே அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒன்று), வந்த நேரம். பின்னால் உங்கள் பார்சரில் தப்பு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்க்க இதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது அடையாளம் காண்பது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ரீடர். ஃபைலின் முதல் சில வரிகளை ஒவ்வொரு ரீடரிடமும் காட்டி, “இது உன்னுடையதா?” என்று கேட்கிறேன். ஒரே ஒரு ரீடர் ஆமாம் என்றால் தொடரலாம். யாரும் ஆமாம் என்று சொல்லாவிட்டாலும், இரண்டு பேர் உரிமை கொண்டாடினாலும் நிறுத்தி மனிதரிடம் கேட்க வேண்டும். ‘அநேகமாக இதுவாக இருக்கும்’ என்ற வழியே புரோகிராமில் இருக்கக் கூடாது.

ரீடரின் வேலை வரிகளையும் கட்டங்களையும் எழுத்தாகவே பிரித்துக் கொடுப்பது மட்டும். எண்ணாகவோ தேதியாகவோ மாற்றுவது அடுத்த படியின் வேலை. அந்த மாற்றத்துக்கான விதிகளை ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு சிறு புரொஃபைலாக வெளியே வைத்திருக்கிறேன்: மேலே எத்தனை வரி தள்ள வேண்டும், எந்த என்கோடிங் (எழுத்துகளை பைட்டாக்கும் முறை), எது பிரிப்பான், தேதியின் வடிவம், தசமக் குறி, எந்தத் தலைப்பு எந்தப் புலம், பற்று வரவுக்கான விதி. புது வங்கி வந்தால் பெரும்பாலும் புரொஃபைல் மட்டும் எழுதினால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. புரொஃபைலுக்குள் நிபந்தனையும் கணக்கும் எழுதும் வசதியைக் கொடுக்க ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் நீங்களே ஒரு அரைகுறை மொழியை உருவாக்கி அதற்குப் பிழை தேடும் டீபக்கர் இல்லாமல் அல்லாடுவீர்கள். நான் அல்லாடினேன். அவ்வளவு விசித்திரமான ஃபைல் வந்தால் அதற்குத் தனி ரீடர் எழுதிவிடுங்கள்.

எல்லாம் வந்து சேரும் பொதுப் பதிவில் நான் வைப்பவை: கணக்கு, பதிவு தேதி, மதிப்புத் தேதி (வட்டிக்கு எடுத்துக்கொள்ளும் நாள்), தொகை, நாணயம், விவரம், வங்கி தரும் குறிப்பெண், வரிக்கு வரி இருப்பு இருந்தால் அதுவும். இவற்றோடு எந்த ஃபைல், எத்தனையாவது வரி, அந்த வரியின் மூல எழுத்து. கடைசி மூன்றும் வீண் என்று தோன்றும். “இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?” என்று ஒருவர் கேட்கும் நாளில் தெரியும்.

தொகை

தசம எண்ணைத் தோராயமாக மட்டுமே வைக்கும் ஃப்ளோட் வகை வேண்டாம். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் அதில் 0.30000000000000004 வரும். டெசிமல் வகையில் வையுங்கள், அல்லது நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். முழு எண் என்றால் எல்லாவற்றையும் நூறால் பெருக்கிவிடாதீர்கள். நாணயங்களுக்கான ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம்.

‘1.234’ என்று ஒரு கட்டத்தில் இருந்தால் அது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலா, ஒன்று புள்ளி இரண்டு மூன்று நாலா? அந்தக் கட்டத்தைப் பார்த்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது. புரொஃபைல்தான் சொல்ல வேண்டும். எதிர்மறையை எழுதும் விதங்களும் ஏராளம்: முன்னால் மைனஸ், பின்னால் மைனஸ், அடைப்புக்குறி, பக்கத்தில் பற்று என்று ஓர் எழுத்து, இரண்டு தனி நெடுவரிசை. சில ஃபைல்களில் மைனஸ் மாதிரித் தெரிவது விசைப்பலகையில் இருக்கும் கோடே இல்லை, யூனிகோடில் வேறு எழுத்து. ஆயிரங்களைப் பிரிக்கும் இடைவெளியும் சாதாரண இடைவெளியாக இருக்காது. புரியாத எழுத்து வந்தால் அதைத் துடைத்துவிட்டு மேலே போகாதீர்கள். “38-ஆம் வரி, தொகை நெடுவரிசை, இது எண் இல்லை” என்று நிற்க வேண்டும்.

தேதி

வடிவம் புரொஃபைலில் எழுதியிருக்க வேண்டும், ஊகம் கூடாது. எக்செல் ஃபைலில் தேதி வெறும் வரிசை எண்ணாக வந்தால், நாட்களை 1900-இலிருந்து எண்ணும் கணக்கா, 1904-இலிருந்து எண்ணும் கணக்கா என்று பாருங்கள். 1900 கணக்கில் 60 என்ற எண்ணுக்கு எக்செல் காட்டுவது 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே இருந்ததில்லை! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் புரோகிராமில் இருந்த பிழையை, ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இருப்பைக் கேளுங்கள், அது பொய் சொல்லாது

ஆரம்ப இருப்போடு எல்லாப் பரிவர்த்தனையையும் கூட்டினால் இறுதி இருப்பு வர வேண்டும். வராவிட்டால் ஒரு வரிகூட உள்ளே போகக் கூடாது. இந்த ஒரே சோதனை விட்டுப்போன வரி, தலைகீழான குறி, தவறிய தசமம் எல்லாவற்றையும் பிடித்துவிடும். வரிக்கு வரி இருப்பு கொடுக்கும் ஃபைல் என்றால் இன்னும் நல்லது, எந்த வரியில் தடம் மாறியது என்றே சொல்லிவிடலாம். வித்தியாசம் ஒரு பரிவர்த்தனையின் சரியாக இரண்டு மடங்கு என்றால் பெரும்பாலும் அங்கே குறி மாறியிருக்கும்.

ஆனால் என் மார்ச் மாதக் கூத்தை இது பிடித்திருக்காது. தேதி எவ்வளவு தப்பானாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். அதனால் தேதிக்குத் தனிக் காவல் வேண்டும்: ஸ்டேட்மெண்ட் காலத்துக்குள் இருக்கிறதா, வரிசை ஏறியோ இறங்கியோ ஒழுங்காகப் போகிறதா, எதிர்காலத் தேதி இருக்கிறதா.

ஒன்றே இரண்டாக வந்தால்

மக்கள் ஒன்றாம் தேதி ஒரு ஃபைலும் பத்தாம் தேதி இன்னொன்றும் இறக்குவார்கள். நடுவில் சில நாட்கள் இரண்டிலும் இருக்கும். ஓஎஃப்எக்ஸ் என்றால் ஒரு கணக்குக்குள் மாறாத அடையாள எண் உண்டு, கணக்கு எண்ணையும் அதையும் சேர்த்துச் சாவியாக்கினால் வேலை முடிந்தது. அது இல்லாதபோதுதான் வினை. தேதி, தொகை, விவரம் மூன்றும் ஒன்றானால் நகல் என்று நான் முதலில் எழுதியிருந்தேன். ஒருவர் ஒரே நாளில் இரண்டு முறை வண்டி நிறுத்தக் கட்டணம் 120 கட்டியிருந்தார். என் புரோகிராம் ஒன்றைத் தின்றுவிட்டது.

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒரே சாவி கொண்ட பதிவுகள் இந்த ஃபைலில் எத்தனை, டேட்டாபேஸில் ஏற்கெனவே எத்தனை? ஃபைலில் இரண்டு, உள்ளே ஒன்று என்றால் ஒன்றைச் சேர். ஃபைலில் இரண்டு, உள்ளேயும் இரண்டு என்றால் ஒன்றும் செய்யாதே. இதனால் அதே ஃபைலை பத்துத் தடவை போட்டாலும் ஒன்றும் ஆகாது. இன்னும் முடிவாகாமல் நிலுவையில் இருக்கும் பரிவர்த்தனைகளை மட்டும் விட்டுவிடுங்கள். முடிவாகும்போது அவற்றின் விவரமும் சில சமயம் தொகையும் மாறும், பிறகு எந்தச் சாவியும் பொருந்தாது.

ஒரு ஃபைல் முழுவதும் ஒரே டிரான்சாக்ஷனில் உள்ளே போகட்டும், பாதியில் நின்றால் எதுவும் போகாதபடி. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகுதி எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொன்னால் மொத்தத்தையும் திரும்ப எடுக்க ஒரு வழி வையுங்கள். இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது.

அப்புறம், தலைப்பு மாறும் நாள். வங்கிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நெடுவரிசையை நடுவில் செருகும். பழைய புரொஃபைலைத் திருத்தாதீர்கள், புதிய பதிப்பாக இன்னொன்று எழுதுங்கள். போன வருட ஃபைலை யாராவது மறுபடி கொண்டுவருவார்கள். பெயரும் எண்ணும் மாற்றிய மாதிரி ஃபைல் ஒன்றை ஒவ்வொரு பதிப்புக்கும் சோதனைக்கென்று வைத்திருக்கிறேன். அந்த 04/03 ஃபைல்தான் பட்டியலில் முதலாவது.