சியெனாவுக்குள் காரை ஓட்டாதீர்கள். மற்ற தவறுகளைப் பிறகு பேசலாம்

கோடை பிறந்துவிட்டால் பிளாரன்ஸில் வசிக்கும் எனக்கு விருந்தினர் வரத்து தொடங்கிவிடும். வருகிற எல்லோரும் ஒரு நாள் சியெனாவுக்குப் போய்வருவார்கள். திரும்பி வந்து சொல்லும் கதையில் பாதி ஊரின் அழகைப் பற்றியது, மீதி அங்கே பட்ட அலைச்சலைப் பற்றியது. அழகைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அலைச்சல் மட்டும் ஆண்டுதோறும் ஒரே கதைதான். நான் இத்தாலிக்கு வந்த புதிதில் அடித்த கூத்துகளை அச்சுப் பிசகாமல் அவர்களும் அடிக்கிறார்கள்.

பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வழுக்காத காலணி போடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார்.

சியெனா சிறிய ஊர். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தை வடக்கு வாயிலிலிருந்து தெற்கு வாயில் வரை அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் கடந்துவிடலாம். ஆளை ஏமாற்றுவது இந்தச் சிறிய அளவுதான். இங்கே தூரத்தைக் கணக்குப் போட்டுப் பயனில்லை. மேடு எங்கே, மதில் எங்கே என்று பார்க்க வேண்டும்.

காரோடு மதிலுக்குள் நுழைவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் எனக்கு இதில்தான்.

இத்தாலியின் பழைய நகர்மையங்கள் பெரும்பாலானவற்றில் 'ஸோனா அ திராஃபிகோ லிமிதாத்தோ' என்ற கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. சுருக்கமாக ஸெட்டிஎல். அங்கே குடியிருப்பவர்களும் அனுமதி பெற்றவர்களும் மட்டுமே வண்டியோடு நுழையலாம். நுழைவிடத்தில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை நிற்கும். அதன் அருகே ஒரு கேமரா இருக்கும். அவ்வளவுதான். தடுப்புக் கம்பமோ காவலரோ விசிலோ கிடையாது. கேமரா உங்கள் வண்டி எண்ணைப் படித்து, அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிடும். இல்லையென்றால் அபராதம். உங்களுக்கு அப்போது எதுவும் தெரியாது. தெரு குறுகிக்கொண்டே போவது மட்டும்தான் தெரியும்.

நெருங்கிய நண்பரின் தம்பி, மனைவியோடும் மூட்டுவலிக்கார அம்மாவோடும் வந்திருந்தார். விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தார். சியெனாவில் மதிலுக்கு உள்ளேயே விடுதி. கைபேசியில் விடுதியின் பெயரைத் தட்டினார், அது வாசல் வரை கொண்டுபோய் விட்டது. பெட்டிகளை இறக்கிவிட்டு, வெளியே போய் ஒழுங்காகக் கட்டண நிறுத்துமிடத்தில் காரை விட்டார். மாலையில் அம்மாவால் நடக்க முடியவில்லை என்று மறுபடி காரை உள்ளே கொண்டுவந்தார். மறுநாள் காலையில் பெட்டிகளை ஏற்ற இன்னொரு முறை. ஊருக்குத் திரும்பி, பயணத்தையே மறந்திருந்த நேரத்தில், அவருடைய கடன் அட்டையில் மூன்று பிடித்தங்கள் வந்தன. எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "அபராதத்தைப் பிடித்துக்கொண்டார்கள் அண்ணா, போகட்டும், தொலைந்தது" என்றார்.

தொலையவில்லை. அது அபராதமே அல்ல. வண்டியை யார் ஓட்டினார் என்ற விவரத்தை நகராட்சிக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கட்டணம் அது. ஒரு நோட்டீஸுக்கு 40, 50 யூரோ என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நாம் கையெழுத்தும் போட்டிருப்போம். உண்மையான அபராதம் பிறகுதான் பதிவுத் தபாலில் வீட்டு வாசலுக்கு வரும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால், ஓட்டுநர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து 360 நாள் வரை அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. அபராதம் 80 யூரோவுக்குச் சற்று மேல் தொடங்கும். தபால் செலவும் நோட்டீஸ் செலவும் சேர்ந்தால் 100 யூரோவைத் தொட்டுவிடும். ஒவ்வொரு நுழைவும் தனிக் குற்றம். நண்பரின் தம்பிக்கு மூன்று நுழைவு, மூன்று உறை. வாடகை நிறுவனத்தின் பிடித்தத்தையும் சேர்த்தால் 400 யூரோவுக்கு மேல் போயிற்று.

"யாரும் என்னைத் தடுக்கவில்லையே அண்ணா, ஒரு போலீஸ்காரர் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தாரே" என்று அவர் இன்றும் சொல்கிறார். சுற்றுலாப் பயணிகளின் பணத்தைக் கறக்கும் ஊர் என்று இன்னொரு வசனமும் வைத்திருக்கிறார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கழுதையும் கைவண்டியும் போக அமைத்த தெருக்கள் அவை. பல இடங்களில் நடைபாதையே கிடையாது, வீட்டுக் கதவைத் திறந்தால் நேராகத் தெருதான். இத்தாலியில் முதலில் விழித்துக்கொண்ட ஊர்களில் சியெனாவும் ஒன்று. 1960களிலேயே நகர்மையத்தில் கார்களுக்குக் கதவை அடைத்தது. நாம் இன்று அந்தத் தெருக்களில் நிம்மதியாக நடப்பது அதனால்தான். என் கோபமெல்லாம் வாடகைக் கார் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் மேல். கூடுதல் காப்பீட்டை விற்கக் கால் மணி நேரம் பேசுகிறவர், ஸெட்டிஎல் பற்றி ஒரு வாக்கியம் பேசுவதில்லை. அடுத்தபடியாக, வழிகாட்டும் செயலிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் மேல். கட்டுப்பாட்டுப் பகுதிகளைச் செயலி சில நேரம் அறியும், சில நேரம் அறியாது. அபராதம் செயலிக்கு வரப்போவதில்லை.

சில ஊர்களில் நுழைவிடத்தில் மின்பலகை இருக்கும். அதில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். நேரக் கட்டுப்பாடும் ஊருக்கு ஊர் வேறு. வேறோர் ஊரில் இரவில் தடையின்றிப் போனோம் என்ற அனுபவத்தைச் சியெனாவுக்குக் கொண்டுவராதீர்கள்.

கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால், செயலியில் விடுதியின் பெயரைப் போடாதீர்கள். மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தின் பெயரைப் போடுங்கள். சாந்தா கத்தரீனா, சான் பிரான்செஸ்கோ, ரயில் நிலையம் ஆகிய மூன்று நிறுத்துமிடங்களிலிருந்தும் நகரும் படிக்கட்டுகள் மேலே ஏற்றிவிடும். 'இல் காம்போ' என்றும் ஒரு நிறுத்துமிடம் தெற்கே இருக்கிறது. அதைத் தேடும்போது 'பார்கெஜ்ஜோ' (நிறுத்துமிடம்) என்ற சொல்லை முன்னால் சேர்க்க மறந்தால், செயலி உங்களை அதே பெயர் கொண்ட நடுச் சதுக்கத்துக்கு அழைத்துப் போகப் பார்க்கும். மதிலுக்குள் விடுதி எடுத்தவர்கள், வண்டி எண்ணை அனுமதிப் பட்டியலில் பதிவு செய்து தருவார்களா, எந்த வாயில் வழியே எந்த நேரத்தில் வர வேண்டும் என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளே வந்து சேர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்பது சூதாட்டம். தெரியாமல் நுழைந்துவிட்டால் பதறி வெளியேறி வேறு வாயிலில் திரும்ப நுழையாதீர்கள். அது இரண்டாவது உறை.

உறை வந்துவிட்டதா? ஒளித்து வைக்காதீர்கள். கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. 60 நாள் தாண்டினால் தொகை ஏறிவிடும்.

வடக்கே கமோல்லியா வாயிலில் லத்தீனில் ஒரு வரி செதுக்கியிருக்கிறார்கள். இந்த வாயிலைவிட அகலமாகச் சியெனா தன் இதயத்தை உனக்குத் திறக்கிறது என்பது அதன் பொருள். நடந்து வருகிறவருக்கு அது முற்றிலும் உண்மை.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் வருவது

ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வாருங்கள். இங்கே கிடைக்காது.

பஸ்ஸைவிட ரயில்தான் உயர்வு என்று நினைப்பது

ஐரோப்பா என்றாலே ரயில் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. பிளாரன்ஸ்–சியெனா தடத்தில் மட்டும் அதை மாற்றிக்கொள்ளுங்கள். ரயில் எம்போலி வழியாகச் சுற்றிக்கொண்டு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வரும், சில வண்டிகளில் எம்போலியில் மாறி ஏறவும் வேண்டும். அதைவிட முக்கியம், அது உங்களை இறக்கிவிடும் இடம். நிலையம் ஊருக்கு வெளியே பள்ளத்தில் இருக்கிறது. எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் புகுந்து, ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படிக்கட்டுகளில் ஏறி, கமோல்லியா பக்கம் வெளியே வந்து, அங்கிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடம் நடந்தால்தான் நடுச் சதுக்கம். இந்தப் படிக்கட்டுகள் இருப்பதே தெரியாமல் தார்ச்சாலை ஏற்றத்தில் பெட்டியை இழுத்துப் போகிறவர்களை எந்த வெயில் நாளிலும் பார்க்கலாம்.

பஸ்ஸில் 131ஆர் என்ற விரைவுத் தடத்தைப் பிடியுங்கள். பிளாரன்ஸின் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் நிலையத்தில் புறப்பட்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் சியெனாவின் மேட்டிலேயே, பியாஸா கிராம்ஷி அருகே இறக்கிவிடும். அங்கிருந்து நடுச் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை, ஏற்றமும் இல்லை. அதே எண்ணில் முடிவெழுத்து மாறிய சாதாரணத் தடமும் உண்டு. அது ஊர் ஊராக நின்று வரும். எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல் கடைசி எழுத்தையும் பாருங்கள்.

டாக்சிக்குக் கை காட்டுவது

நிற்காது. நிறுத்தத்துக்குப் போங்கள், அல்லது தொலைபேசியில் அழையுங்கள்.

வரைபடத்தின் நேர்க்கோட்டை நம்புவது

கார் இல்லாதவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சான் தொமேனிகோ தேவாலயத்தின் அருகே நின்று பார்த்தால் பேராலயம் எதிரிலேயே தெரியும், கல்லெறி தூரம்தான் என்று தோன்றும். வரைபடமும் அப்படித்தான் சொல்லும். நடுவே ஃபோந்தெபிராந்தா பள்ளத்தாக்கு இருப்பதை இரண்டும் சொல்லாது. இறங்கிவிட்டால் அத்தனையும் ஏற வேண்டும். முதியவர்களோடு வந்தவர்கள் பாதி ஏற்றத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சியெனாவின் உருவம் ஒரு கவைக்கம்பைப் போன்றது. மூன்று மேட்டு முதுகுகள் ஓரிடத்தில் கூடுகின்றன, கூடும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடுச் சதுக்கமான பியாஸா டெல் காம்போ. மூன்று முதுகுகளின் மேலும் மூன்று முக்கியத் தெருக்கள் ஓடுகின்றன. பாங்கி தி சோப்ரா வடக்கே போகிறது, பாங்கி தி சொத்தோ தென்கிழக்கே, வியா தி சித்தா பேராலயப் பக்கம். இந்தத் தெருக்களை விட்டு இறங்காமல், ஒரு முதுகிலிருந்து இன்னொன்றுக்கு எப்போதும் கூடுமிடம் வழியாகவே மாறுங்கள். தூரம் கூடும், மூச்சு மிச்சமாகும்.

வழி தெரிந்துகொள்ள ஊரே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. சியெனா 17 கொன்த்ராதாக்களாக, அதாவது பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. இவற்றின் எல்லைகளை 1729இல் ஆளுநர் வியொலாந்தே பெயாத்ரிச்சே வரையறுத்தார். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சின்னம், தெருமுனைச் சுவரில் சிறு பலகையாகப் பதித்திருப்பார்கள். முள்ளம்பன்றியைக் கண்டால் வடக்கே கமோல்லியா பக்கம் வந்துவிட்டீர்கள். வாத்தைக் கண்டால் ஃபோந்தெபிராந்தா பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அப்போதே திரும்பிவிடுவது முழங்காலுக்கு நல்லது. தெருப் பெயர்ப்பலகைகளைவிட இந்த விலங்குகள் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

தெருவில் கார் இல்லை என்று நடுவில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம். குடியிருப்பவர்களின் வண்டிகளும், 'பொல்லிச்சீனோ' என்று ஊரார் அழைக்கும் சின்ன பஸ்களும், ஸ்கூட்டர்களும் அதே சந்துகளில்தான் வரும். சுவரோடு ஒண்டி நின்று வழிவிடுங்கள்.

பாலியோ நாள் என்று தெரியாமல் வருவது

ஜூலை 2, ஆகஸ்ட் 16. இந்த இரண்டு தேதிகளிலும் நடுச் சதுக்கத்தைச் சுற்றி மண் கொட்டி 'பாலியோ' என்ற குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். சோதனை ஓட்டங்கள் ஜூன் 29, ஆகஸ்ட் 13 தேதிகளிலேயே தொடங்கிவிடும். பந்தயம் பார்ப்பதற்காகவே வந்தால் நல்லது. சதுக்கத்தின் நடுவே நிற்க டிக்கெட் தேவையில்லை. ஆனால் வழியை அடைத்தபின் பந்தயம் முடியும்வரை வெளியேற முடியாது. ஒன்றரை நிமிட ஓட்டத்துக்காக வெயிலில் பல மணி நேரம் நிற்க வேண்டும், கழிப்பறையும் கிடையாது. குழந்தைகளோடு அங்கே போய் நிற்கிறவர்களை நான் தடுப்பேன். பேராலயம் பார்க்க வந்தவர் என்றால் வேறு நாள் வாருங்கள்.

சக்கரப் பெட்டி

கல் பாவிய சரிவில் அது உங்களை இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைப் பார்க்காமல் விடுவது

பஸ் அட்டவணையில் வேலை நாளுக்குத் தனிப் பத்தி, ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் தனிப் பத்தி. சனிக்கிழமை இவர்கள் கணக்கில் வேலை நாள். ஞாயிறன்று பஸ்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும், மாலையில் இடைவெளி நீளும். போய் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பள்ளத்தில் இருக்கும் அதே ரயில் நிலையம்தான் கதி. கையில் இருக்கும் பஸ் டிக்கெட் ரயிலில் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும்.