வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக

சென்னையில் குரோம்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவள் நான். இப்போது மின்சார ரயிலும் மெட்ரோவும்தான். "எப்படி மாறினீங்க அக்கா?" என்று ஆபீஸில் கேட்கிற பெண்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரயில் நேரத்தைப் பார்க்காதீர்கள், தெருவைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஒருமுறை நடங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எங்கே நடைபாதையை மறித்து பைக்குகள் நிற்கின்றன, எந்தக் கடை பத்து மணி வரை திறந்திருக்கிறது என்று கவனியுங்கள். இந்தக் கடைசி அரை கிலோமீட்டர் சரியில்லை என்றால், எத்தனை மெட்ரோ வந்தாலும் ஒரு பெண் வண்டிச் சாவியைத்தான் எடுப்பாள். எங்கள் பக்கம் குறுக்கு வழி இருட்டு. மருந்துக்கடையும் டிபன் கடையும் இருக்கிற சுற்று வழியில்தான் நான் வருகிறேன். எரியாத விளக்கைக் கம்பத்தின் எண்ணோடு போட்டோ எடுத்து வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தெருவில் நாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரயில் மாறும் இடம். எனக்கு அது கிண்டி. நான் வருகிற பீச்–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். கிண்டிக்கு மெட்ரோ வந்தது 2016இல். வேறு வேறு காலத்தில், வேறு வேறு நிர்வாகம் கட்டியவை. அதனால் இரண்டுக்கும் நடுவே படியும் நடையும் இருக்கத்தான் செய்யும். கிண்டி படிக்கட்டுக்கு நேராக எந்தப் பெட்டி வந்து நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஏறும்போதே அதில் ஏறுங்கள். கூட்டத்துக்கு முன்னால் படியேறிவிடலாம். மகளிர் பெட்டிதான் வேண்டும் என்றால் கொஞ்சம் கூடுதல் நடை. இரவில் எனக்கு அதுதான் நிம்மதி.

டிக்கெட்டுக்கு, தினமும் போகிறவர்கள் ரயிலுக்கு மாத சீசன் எடுத்துவிடுங்கள். மெட்ரோவுக்கு, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற சிங்கார சென்னை அட்டை; கட்டணத்தில் 20 சதவீதம் குறையும். 2025 ஜனவரியிலிருந்து அதே அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லும். பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தருகிற 'சென்னை ஒன்' செயலி அந்த வருடம் செப்டம்பரில் வந்தது. எப்போதாவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது வசதி.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பணம் மிச்சம் என்று மட்டும் இதைப் பார்க்காதீர்கள். நம்முடைய பயணம் நேராகப் போய் நேராக வருவதில்லையே? காய் வாங்க ஓரிடம், டியூஷனில் பிள்ளையைக் கூப்பிட இன்னோரிடம். நடுவில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினாலும் செலவு ஏறாது என்பதுதான் பெரிய விஷயம். மாமியாருக்கு மூட்டுவலி, உயரமான படி ஏற முடியாது. அவரோடு போகும் நாளில் தாழ்தளப் பேருந்துக்காகக் காத்திருப்போம். அது நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக் கொடுக்கும். ஆனால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்த வேண்டும். அங்கே ஆட்டோ நின்றால் அத்தனை தொழில்நுட்பமும் வீண்.

வீட்டிலும் பேசியாக வேண்டும். வண்டி நின்றால், வண்டியில் நீங்கள் செய்துகொண்டிருந்த வேலைகளை யார் செய்வது? பள்ளிக்கூடத்தில் விடுவது, கேஸ், மருந்து எல்லாவற்றையும் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல் மாறினால் ஒரே மாதத்தில் வண்டிக்கே திரும்பிவிடுவீர்கள். ஆபீஸில் வருகை நேரத்தைக் கால் மணி நேரம் தள்ளிக் கேளுங்கள். பல இடங்களில் கேட்டால் கிடைக்கும்.

வண்டியை உடனே விற்க வேண்டாம். கொட்டுகிற மழைக்கும் நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கும் அது இருக்கட்டும்.