வயிற்றில் பிள்ளை, கூடவே நார்க்கட்டி: செய்யக்கூடாத தவறுகள்

மூன்றாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்ற வரிக்குக் கீழேயே "பைப்ராய்டு 6 செ.மீ." என்று இன்னொரு வரி. டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் டோக்கன். மதுரை அண்ணா நகரிலிருந்து மாட்டுத்தாவணி வருவதற்குள் போனில் தேடித் தேடி கருச்சிதைவு, குறைப்பிரசவம், கர்ப்பப்பையையே எடுப்பது எல்லாம் படித்து முடித்து, மேலூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடியே போனேன். வீட்டில் அப்பத்தா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "கட்டி புள்ளையத் தின்னுரும்த்தா."

தின்னாது. பைப்ராய்டு என்கிற நார்க்கட்டி என்பது கர்ப்பப்பைச் சுவரின் தசையில் உண்டாகிற சாதாரணக் கட்டி. அது புற்றுநோயாக இருப்பது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்கிற அளவுக்கு அபூர்வம். பிள்ளைக்கு வேண்டிய சத்து நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி வழியாகத் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது, கட்டி அதைப் பிடுங்க முடியாது. கட்டியோடு கர்ப்பமானவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் பிரசவம் நடந்துவிடுகிறது. சிலருக்குச் சிக்கல் வரும், உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரையில், பயத்திலும் கூச்சத்திலும் நாம் செய்கிற காரியங்கள் அந்தச் சிக்கலைப் பெரிதாக்கிவிடுகின்றன.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, எத்தனை சென்டிமீட்டர் என்பதை மட்டும் கேட்டுவிட்டு வருவது. அளவு வேண்டியதுதான், ஆனால் கட்டி உட்கார்ந்திருக்கும் இடம்தான் பெரிய விஷயம். கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் பெரிய கட்டி பத்து மாதமும் சும்மா இருந்துவிடலாம், அதைவிடச் சின்னக் கட்டி உள்ளறைப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தாலோ, நஞ்சு அதன் மேலேயே ஒட்டியிருந்தாலோ ரத்தப்போக்குக்கு வாய்ப்பு கூடும். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் தலை இறங்குகிற வழியை மறிக்கலாம், பிள்ளை குறுக்காகவோ இடுப்பு கீழாகவோ திரும்பி நிற்கலாம். அதனால் எத்தனை கட்டி, எந்தச் சுவரில், நஞ்சு அதன் மேல் இருக்கிறதா, வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஐந்தாம் மாதத்தில் கீழே தெரிகிற கட்டி, கர்ப்பப்பை விரிய விரிய மேலே போய்விடுவதும் உண்டு. ஆகவே கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனிலும் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். இன்னொன்று, கட்டி பெரிதாக இருந்தால் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாகத் தெரியலாம். "ரெட்டைப் புள்ளையா?" என்று தெருவே கேட்கும். வயிற்றை டேப் வைத்து அளந்து பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்வது அப்போது சரிப்பட்டு வராது, அதற்கும் ஸ்கேன்தான்.

நீர்க்கட்டியையும் நார்க்கட்டியையும் ஒன்றாக நினைப்பது அடுத்தது. நம் பக்கம் இரண்டையும் "கட்டி" என்றே சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது. நீர்க்கட்டி சினைப்பையில் வருவது, அதற்கான வைத்தியம் வேறு. என் மதினி நல்ல மனசோடு, தனக்கு நீர்க்கட்டி கரைந்தது என்று மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய்ப் பொடி வாங்கி வந்து கொடுத்தார். இன்னொருவர் மலைவேம்புச் சாறு சொன்னார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இவை பாதுகாப்பானவை என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது, நார்க்கட்டியைக் கரைக்கும் என்பதற்கும் கிடையாது. கொடுப்பவர் மனம் நோகாமல் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். உணவு விஷயத்திலும் இதே கதைதான், எதைச் சாப்பிட்டாலும் கட்டி கரையாது.

இங்கிலீஷ் மாத்திரையில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கர்ப்பத்துக்கு முன்னால் கட்டியைச் சுருக்க டாக்டர்கள் கொடுக்கிற மாத்திரைகளில் மிபெப்ரிஸ்டோன் உண்டு. கருவைக் கலைக்கக் கொடுப்பதும் அதே மருந்துதான். பழைய அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போனால், அடுத்த மாத்திரைக்கு முன் டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் வலி. எனக்கு பத்தொன்பதாவது வாரம், ராத்திரி பதினோரு மணி இருக்கும், தொப்புளுக்கு வலது பக்கம் ஓர் இடத்தில் நெருப்பு வைத்த மாதிரி வலி. திரும்பிப் படுக்க முடியவில்லை. வாந்தி, லேசான காய்ச்சல். வீட்டுக்காரர் ஓடிப்போய் மெடிக்கலில் "வலிக்கு மாத்திரை" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டார், அவர்களும் யாருக்கு என்று கேட்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், டைக்ளோபினாக். நல்லவேளை, போடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் செய்தது, "ஒரே விரலால தொட்டுக் காட்டும்மா" என்று கேட்டதுதான். நான் ஒரே இடத்தைத் தொட்டேன். அங்கே மெல்ல அழுத்தினார், உயிர் போனது. ஸ்கேனில் அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டி. பக்கத்திலேயே பிள்ளை பாட்டுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

நடப்பது இதுதான்: கட்டிக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும்போது அதன் உட்பகுதி செத்துப்போகிறது, அந்த வலிதான் இது. நடு மாதங்களில் வருவது அதிகம். ஓய்வு, தேவைப்பட்டால் குளுக்கோஸ் பாட்டில், பாராசிட்டமால் என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். எனக்கு ஐந்து நாள் ஆனது. டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை மாத்திரைகளை நாமாகப் போடக்கூடாது. 20 வாரத்துக்கு மேல் அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம், கடைசி மூன்று மாதத்தில் பிள்ளையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் பிறப்பதற்கு முன்பே சுருங்கி மூடிக்கொள்ளலாம். டாக்டர் கணக்குப் பார்த்துச் சில நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் அது வேறு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு தடவை "கட்டி வலிதான்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வருகிற எல்லா வலியையும் கட்டியின் தலையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது. வயிறு கல் மாதிரி இறுகி, விட்டுவிட்டு வலித்தால் அது பிரசவ வலியாக இருக்கலாம். ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் ஒன்றுக்குப் போக முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி, நம் ஊர் வழக்கத்தால் வருகிற ஒன்று. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். ஸ்கேனும் ரிப்போர்ட்டும் திருப்பூரிலோ சென்னையிலோ, பிரசவம் மதுரையிலோ உசிலம்பட்டியிலோ. வளையல், சேலை, அஞ்சு வகைச் சாதம் எல்லாம் காரில் ஏறும், பைல் மட்டும் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண், கட்டி இருப்பதைத் தாய்வீட்டில் சொன்னால் அம்மா பயந்துவிடுவார் என்று புது ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கட்டி இருக்கும்போது கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தப்போக்கு கூடலாம். முன்பே தெரிந்திருந்தால் ரத்தமும் மருந்தும் தயாராக வைத்திருப்பார்கள். ஆகவே எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசல் பைலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும். தையல் எவ்வளவு ஆழம் என்பதைப் பார்த்துத்தான் வலி வரும்வரை காத்திருக்கலாமா, முன்கூட்டியே சிசேரியனா என்று முடிவு செய்வார்கள்.

கட்டி என்றாலே சிசேரியன்தான் என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. வழி மறிக்காமல் இருந்து தலையும் கீழே இருந்தால் சுகப்பிரசவம் தாராளமாக நடக்கும். சிசேரியன் என்று முடிவாகிவிட்டால், "வயித்தத் தொறக்குறப்பவே கட்டியையும் எடுத்துருங்க டாக்டர், ரெண்டு செலவு எதுக்கு" என்று கேட்காத வீடு அபூர்வம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அந்த நேரத்தில் தசையை வெட்டிக் கட்டியைத் தோண்டினால் எவ்வளவு ரத்தம் போகும் என்று நினைத்துப் பாருங்கள். காம்போடு தொங்குகிற கட்டி, வெட்டுகிற இடத்திலேயே குறுக்கே நிற்கிற கட்டி, இப்படிச் சிலவற்றை எடுப்பார்கள், அது அவர்கள் அந்த நேரம் பார்த்து எடுக்கிற முடிவு. நெருக்க வேண்டாம்.

ரத்தம் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டி இருப்பவர்களில் பலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே மாதவிடாயில் ரத்தம் நிறையப் போயிருக்கும், உடம்பில் இரும்புச்சத்து கம்மியாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். ரத்த குரூப்புக்குப் பொருந்துகிற இரண்டு பேரின் போன் நம்பரையும் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருப்பது நல்லது. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது ரத்தம் உடனே கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். நம் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி அரசு மருத்துவமனைகளில் பிரசவமும் சிசேரியனும் ரத்தமும் இலவசம்.

பிரசவத் தேதி சித்திரையில் விழுந்தால் ஒரு முன்யோசனை வேண்டும். அழகர் வருகிற நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியும் அதுதான். ஆற்றுக்கு எந்தப் பக்கம் வீடு, எந்த வழியாகப் போவது என்று முன்பே பேசி வையுங்கள், முடிந்தால் அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுங்கள். அந்த வெயிலில் மோர், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்த கையோடு கட்டிக்கு ஆபரேஷன் தேதி வாங்க ஓடுவதும் வேண்டாம். கர்ப்பப்பை சுருங்கும்போது பல கட்டிகள் கூடவே சுருங்கும், தாய்ப்பால் கொடுக்கவும் எந்தத் தடையும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போக்கு இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போக வேண்டும், மற்றபடி சில மாதம் கழித்து ஒரு ஸ்கேன் போதும். எனக்கு ஐந்தாம் மாதம் பார்த்தார்கள், 6 செ.மீ. இருந்தது மூன்றரையாகக் குறைந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டும் இப்போது அதே பைலில்தான் இருக்கிறது.